பாதியைத் தூக்கினால் போதும்!



கவிதையும் துணுக்கும் வரும் நம் ஆண்டு மலரில் 'டெக்' பற்றி எழுத வந்துவிட்டானே என்று சிரிக்காதீர்கள். போன செமஸ்டர் லேப் வைவாவில் நான் வாயடைத்து நின்ற கதை இது. உங்களில் பலரும் அப்படி நின்றிருப்பீர்கள்.

ரேஷன் கடை க்யூவில் பின்னால் சேர்ந்து முன்னால் போகலாம், அவ்வளவுதான். டெக் என்பது இரண்டு முனையிலும் சேர்க்கவும் எடுக்கவும் முடிகிற க்யூ. சி மொழியில் ஓர் அரே, ஃப்ரண்ட், ரியர் என்று இரண்டு எண்கள். ரெக்கார்டு நோட்டில் இருந்ததை வரி விடாமல் மனப்பாடம் செய்து போனேன். வைவா எடுக்க வந்தவர் கேட்டார்: "தம்பி, ஒரு தடவை எழுதின மதிப்பை மாத்தவே கூடாதுன்னா, டெக்கை எப்படிச் செய்வே?"

பேய்முழி முழித்தேன். மார்க் போனது.

பிறகுதான் தெரிந்தது, அவர் கேட்டது ஃபங்ஷனல் புரோகிராமிங் என்று. ஹாஸ்கெல் போன்ற மொழிகளில் பழையதை அழித்து எழுதும் பழக்கம் இல்லை. லிஸ்ட்டின் தலையில் ஒன்றைச் சேர்த்தால் ஒரே ஒரு புது நோடுதான் பிறக்கும். அதன் வால், பழைய லிஸ்ட்டேதான். ஆனால் லிஸ்ட்டின் தலையைத் தொடுவது சுலபம், கடைசியைத் தொட முழுவதும் நடக்க வேண்டும். அதனால் இரண்டு லிஸ்ட் வைக்கிறார்கள். ஒன்று முன்பாதி. இன்னொன்று பின்பாதி, தலைகீழாக. இப்போது இரண்டு முனையுமே தலைதான்!

சரி, ஒரு லிஸ்ட் காலியாகிவிட்டால்? மற்றதை முழுக்கத் திருப்பிப் போட்டால் ஆயிற்று என்று நினைத்தேன். வீட்டில் 8 நோட்டுகளுக்கு நம்பர் போட்டு ஒரே பக்கம் அடுக்கினேன். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மாறி மாறி எடுத்தேன். 8 நோட்டையும் அந்தப் பக்கம் மாற்று, ஒன்று எடு. மிச்சம் 7-ஐயும் இந்தப் பக்கம் மாற்று, ஒன்று எடு. இப்படியே மொத்தம் 35 முறை தூக்கினேன்.

அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். செங்கல் சூளையில் கல் அடுக்குபவர், பள்ளிக்கூடம் போகாதவர். "ஏண்டா, அந்தப் பக்கமும் கேப்பாங்கன்னு தெரியும்ல? எல்லாத்தையும் ஏன் தூக்குற? பாதியத் தூக்கு" என்றார்.

செய்து பார்த்தேன். மேலே உள்ள 4 நோட்டைத் தனியே வைத்தேன். அடியில் இருந்த 4-ஐ ஒவ்வொன்றாகக் காலிப் பக்கம் மாற்றினேன். தனியே வைத்த 4-ஐத் திரும்ப வைத்தேன். மொத்தம் 12 தூக்கல். அதன்பின் கடைசி வரை எதையும் மாற்றவே வேண்டியிருக்கவில்லை. இதே கணக்கு 1,000 நோட்டுக்கு? முழுக்கத் திருப்பினால் 5 லட்சத்துக்கும் மேல். பாதி முறையில் 1,500!

பாதியாகப் பிரிக்கும் இந்த வழியை ராப் ஹோகர்வோர்ட் 1992-இல் கட்டுரையாக எழுதியிருக்கிறார். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய டெக் அழிவதில்லை அல்லவா? பிரிக்க வேண்டிய அதே பழைய டெக்கிற்கே திரும்பத் திரும்பப் போனால், ஒவ்வொரு முறையும் பிரிக்கிற செலவு விழும். தேவைப்படும்போது மட்டும் கணக்கிட்டு, ஒருமுறை கிடைத்த விடையை வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி பயன்படுத்தினால் இதைச் சமாளிக்கலாம் என்று கிறிஸ் ஒகாசாகி தன் 1998-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் விளக்குகிறார்.

"வேலைக்குப் போற இடத்துல இதையெல்லாம் யாருடா கேக்கப் போறான்?" என்கிறான் என் பெஞ்ச் நண்பன். கேட்காமலே போகலாம். அரே முறை தப்பு என்றும் நான் சொல்லவில்லை, அது வேகமானது. ஆனால் அது ஒன்றை மட்டும், அதையும் மனப்பாடமாக வைத்திருந்தால், கேள்வி கொஞ்சம் மாறினாலும் நம் கதை முடிந்தது.

என்னைப் போல வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள் இங்கே நிறையப் பேர். சந்தேகம் கேட்க வீட்டில் ஆள் இல்லை என்ற பயத்தில்தான் மனப்பாடம் செய்கிறோம். அந்தப் பயம் பாதிதான் உண்மை. அப்பாவுக்கு டெக் தெரியாது. ஆனால் எத்தனை முறை தூக்க வேண்டும் என்ற கணக்கு அவர் தோளுக்குத் தெரியும். நாம் புரோகிராமை எழுதுகிறோமே ஒழிய, தூக்கிப் பார்ப்பதில்லை.

மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். வாரம் ஒருநாள் வகுப்பு முடிந்து ஒரு மணி நேரம் கூடுவோம். கம்ப்யூட்டர் வேண்டாம், கரண்டும் வேண்டாம். நோட்டு, சாக்பீஸ், தீக்குச்சி போதும். ஒவ்வொரு டேட்டா ஸ்ட்ரக்சரையும் கையால் ஓட்டிப் பார்ப்போம். அடுத்த வைவாவில் யாரும் என்னைப் போல முழிக்க வேண்டாம்.

மனப்பாடம் மறந்து போகும். கை செய்தது மறக்காது. வாருங்கள் நண்பர்களே!

— இரண்டாம் ஆண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை