கத்திச் சண்டைப் படங்களும் நாமும்



"கத்திச் சண்டைப் படமா? அதெல்லாம் தாத்தா காலத்துச் சமாச்சாரம்ப்பா" என்று சொல்பவர்கள் நம் வகுப்பிலேயே உண்டு. என் கருத்து வேறு. கத்தி துருப்பிடித்தாலும் அந்தப் படங்கள் துருப்பிடிக்கவில்லை. ஏன் என்று கொஞ்சம் சிந்திப்போமா?

முதலில் நம்ம ஊர்க் கதை. 1951-ல் 'மர்மயோகி', 1956-ல் 'மதுரை வீரன்' என்று எம்.ஜி.ஆர். வாள் வீசிய படங்கள் வரிசையாக வந்தன. 1958-ல் அவரே தயாரித்து, இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்த 'நாடோடி மன்னன்' வந்தது. ஒரு நாடோடி, தன்னைப் போலவே இருக்கும் மன்னனுக்குப் பதிலாக அரியணையில் உட்கார்ந்து ஏழைகளுக்காகச் சட்டம் போடுகிறான். 1965-ல் வந்த 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தில் அடிமையாக விற்கப்பட்ட வைத்தியர் வாளெடுக்கிறார். அதே படத்தை 2014-ல் டிஜிட்டல் செய்து திரையிட்டபோதும் கூட்டம் வந்தது!

சாணார்பட்டிப் பக்கத்தில் கூலி வேலை பார்த்த என் தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா இந்தப் படங்களின் சண்டைகளை வரிசை மாறாமல் சொல்வார். "நம்மள மாதிரி ஒருத்தன் அரண்மனைக்குள்ள போயிட்டான்ல" என்பதே அவருக்குப் பெரிய தெம்பு.

இனி ஜப்பானுக்குப் போவோம். சாமுராய் என்பவர்கள் பிறப்பால் போர்வீரர்கள். 1876-ல் அரசாங்கம் அவர்கள் இடுப்பில் வாள் தரிக்கவே தடை போட்டது. நிஜத்தில் போன வாள் சினிமாவில் திரும்பி வந்தது. அகிரா குரோசாவா 1954-ல் எடுத்த 'செவன் சாமுராய்' அதில் சிகரம். விடுதியில் நண்பனின் செல்போனில் 3 மணி 27 நிமிடமும் அசையாமல் பார்த்தேன்.

அறுவடைதோறும் கொள்ளையடிக்கப்படும் ஒரு கிராமம். கூலி கொடுக்கப் பணமில்லை. தாங்கள் மட்டமான தானியத்தைத் தின்றுகொண்டு, அரிசிச் சோற்றை வந்தவர்களுக்குப் போட்டு ஏழு வீரர்களை அமர்த்துகிறார்கள். கொள்ளையரிடம் மூன்றே துப்பாக்கிகள். ஏழு பேரில் நால்வர் சாகிறார்கள். நால்வரும் குண்டடி பட்டுத்தான்! கருவி மாறினால் காலம் மாறும் என்பது தொழில்நுட்பம் படிக்கிற நமக்குச் சொல்லித் தரவா வேண்டும்?

இங்கேதான் ஒரு வித்தியாசம். நம் படங்களில் நாயகன் வந்து எல்லாம் செய்வான், ஊர் கைதட்டும். அங்கே ஊரே மூங்கில் ஈட்டி பிடித்து நிற்கிறது. வேலி கட்டுகிறது, வயலில் தண்ணீர் கட்டி வழியை மறிக்கிறது. கடைசியில் ஜெயித்தது விவசாயிகள்தான் என்று சாமுராய்த் தலைவரே ஒப்புக்கொள்கிறார்.

அந்த ஏழு பேரில் கிகுசியோ என்பவன் உண்மையில் விவசாயி மகன். சாமுராய் என்று காட்ட யாருடையதோ ஒரு வம்சாவளிச் சுருளைத் தூக்கிக்கொண்டு வருகிறான். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அதனால் அவனை என்னால் மறக்க முடியவில்லை. அப்பா என்ன பண்றாருன்னு கேட்டா, "கூலி வேலை" என்று சொல்லக் கூசி "பிசினஸ்" என்று சொல்கிற நண்பர்கள் நம்மிடையே இல்லையா? அதுவும் ஒரு போலிச் சுருள்தானே! கிராமத்தின் வலியை மற்ற ஆறு பேருக்கும் முகத்தில் அடித்த மாதிரி எடுத்துச் சொன்னவன் அவன்தான். காரணம், அவன் அங்கிருந்து வந்தவன்.

நண்பர்களே! படத்தை ரசிப்போம், விசில் அடிப்போம், தப்பில்லை. ஆனால் நம் ஊர்க் குழாயில் தண்ணீர் வராவிட்டால் எந்த மன்னனும் குதிரையில் வரப்போவதில்லை. பதினெட்டு வயது ஆகிவிட்டது. கிராம சபையில் எழுந்து பேச நமக்கு உரிமை உண்டு. மனு எழுதத் தெரிந்த முதல் தலைமுறை நாம். அந்தப் பேனாவை எடுப்போம்!