கேரவனுக்கு கேஸ் ஃப்ரிட்ஜா, கரன்ட் ஃப்ரிட்ஜா? முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேற!

2023 ஆகஸ்ட் 26 அதிகாலை. மதுரை ரயில் நிலைய யார்டில் நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் உயிரிழந்தனர். உத்தரப் பிரதேசத்திலிருந்து யாத்திரை வந்தவர்கள் அவர்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவரப்பட்ட கேஸ் சிலிண்டர்தான் காரணம் என்றது ரயில்வே.

2024 டிசம்பர் 23. கேரள மாநிலம் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் 2 பேர் இறந்து கிடந்தனர். அங்கே தீ இல்லை, கேஸ் கசிவும் இல்லை. கரன்ட்டுக்காக ஓடிய ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்திருந்தது.

வண்டியை வீடாக மாற்ற நினைப்பவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கேரவனில் கேஸ் ஃப்ரிட்ஜை எடுத்துவிட்டு கரன்ட் ஃப்ரிட்ஜ் வைப்பது நல்ல முடிவு. ஆனால், அந்தக் கரன்ட் எங்கிருந்து வருகிறது என்று கேட்காவிட்டால் ஒரு ஆபத்தைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டிய கதைதான்.

பள்ளிபாளையத்தில் இதை ஏன் பேசணும்?

கேரவன் என்றால் சினிமா நடிகர்கள் ஞாபகம்தான் பலருக்கு வரும். ஆனால் வண்டியிலேயே வாழ்வது இந்தப் பக்கத்தில் புதுசு இல்லை. திருச்செங்கோடு ரிக் வண்டிகள் போர் போட வட மாநிலங்கள் வரை போகின்றன. ஆட்கள் மாதக்கணக்கில் வண்டியோடுதான் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள். சங்ககிரி, நாமக்கல் லாரி ஓட்டுநர்களுக்கும் கேபின்தான் பாதி வீடு. பாடி கட்டும் பட்டறைகளும் இங்கேதான் இருக்கின்றன. வேனை கேரவனாக மாற்ற ஆசைப்படுபவருக்கு ஆள் தேடி அலைய வேண்டிய வேலையே இல்லை.

நெருப்பு வைத்தால் எப்படிக் குளிரும்?

கேஸ் ஃப்ரிட்ஜில் மோட்டார் கிடையாது. உள்ளே அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் குழாய்களில் சுற்றுகின்றன. கீழே சின்ன தீபம் போல எரியும் கேஸ், தண்ணீரில் கரைந்திருக்கும் அம்மோனியாவை ஆவியாக்கி மேலே அனுப்பும். அது குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜன் இருக்கும் பகுதிக்கு வந்து மறுபடி ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும். 1922-ல் ஸ்வீடன் மாணவர்கள் பிளேட்டன், முன்டர்ஸ் இருவரும் உருவாக்கிய முறை இது. சத்தமே வராது. ஹோட்டல் அறைகளில் இருக்கும் பல மினி ஃப்ரிட்ஜ்களும் இதே ரகம்தான். அங்கே நெருப்புக்குப் பதில் மின்சார ஹீட்டர் இருக்கும்.

வெளிநாட்டு கேரவன்களில் இது பிரபலமாக இருக்க நியாயமான காரணம் உண்டு. நாளைக்கு 300 கிராம் கேஸ் போதும் என்று வைத்தால், 14 கிலோ சிலிண்டர் ஒன்றரை மாதம் வரும். கரன்ட்டே இல்லாத காட்டில் வாரக்கணக்கில் நிற்பவருக்கு இன்றும் அது உதவும்.

அப்போ ஏன் மாத்தணும்?

முதல் காரணம் நம்ம ஊர் வெயில். ஃப்ரிட்ஜ் லேபிளில் 'என்' என்று இருந்தால் அது 32 டிகிரி வரையிலான சூழலுக்குச் செய்தது, 'எஸ்.டி.' என்றால் 38. 'டி' என்றால் 43. குளிர்நாட்டு கேரவன்களுக்காகச் செய்த கேஸ் ஃப்ரிட்ஜ்கள் பலவும் முதல் ரகம். ஈரோடு, சேலம் பக்கம் கோடையில் வெளியே 40 டிகிரியைத் தொடும்போது, வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அதைவிட அதிகமாக இருக்கும். பால் கெட்டுப்போவதில் ஆச்சரியமில்லை.

இரண்டாவது, சரிவு. உள்ளே இருக்கும் திரவங்கள் பம்ப் இல்லாமல் புவியீர்ப்பில் ஓடுகின்றன. 70 கொண்டை ஊசி வளைவு ஏறி கொல்லிமலையில் ஒரு சரிவான இடத்தில் வண்டியை நிறுத்தி, ஃப்ரிட்ஜை எரியவிட்டால் சுழற்சி தடைபட்டு யூனிட்டே பழுதாகலாம்.

மூன்றாவது, பாதுகாப்பு. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, ஆட்கள் படுத்திருக்கும் தரை மட்டத்தில் தேங்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும்.

தடுப்பூசித் துறை இந்தப் பாடத்தை முன்பே படித்துவிட்டது. மின்சாரம் எட்டாத ஊர்களில் கேஸ், மண்ணெண்ணெய் ஃப்ரிட்ஜ்கள் பல பத்தாண்டுகள் தடுப்பூசி காத்தன. வெப்பநிலை ஒரே அளவில் நிற்காதது பெரிய தலைவலியாக இருந்ததால், உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சோலார் ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பின.

கரன்ட் கணக்கு: ஒரு நாளைக்கு எவ்வளவு?

கரன்ட் போனால் தறி நிற்கும் என்பது பள்ளிபாளையத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஃப்ரிட்ஜ் வாங்கும் முன்பும் அதே யோசனை வேண்டும்.

பேட்டரியில் நேரடியாக ஓடும் 50 லிட்டர் டி.சி. கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ், ஓடும்போது சுமார் 50 வாட் எடுக்கும். கோடையில் பாதி நேரம், அதாவது 12 மணி நேரம் ஓடினால் 600 வாட்-மணி. நாளைக்கு 0.6 யூனிட்.

12 வோல்ட், 100 ஏ.எச். சாதாரண பேட்டரியில் 1.2 யூனிட் இருக்கும். ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆக, ஒரு நாள் தாங்கும். அதே அளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி என்றால் ஒன்றே முக்கால் நாள் வரும். கூரையில் 200 வாட் சோலார் பேனல் இருந்தால், நல்ல வெயில் நாளில் இழப்பு போக 0.6 முதல் 0.8 யூனிட் கிடைக்கும். வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரும் சார்ஜ் ஏற்றும். மழைக்காலத்தில் ஒரே இடத்தில் 3 நாள் நிற்பவருக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு இடிக்கும்.

வீட்டு ஃப்ரிட்ஜையே தூக்கி வைத்தால் என்ன? விலை குறைவுதான். ஆனால் அதற்கு இன்வெர்ட்டர் வேண்டும். இன்வெர்ட்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் கரன்ட் சாப்பிடும். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும். குலுங்கும் ரோட்டில் கதவும் திறந்துகொள்ளும். லேபிளில் உள்ள ஆண்டு யூனிட்டை 365-ஆல் வகுத்துப் பார்த்து, அதற்கு மேல் கொஞ்சம் கூட்டிக்கொண்டு முடிவெடுக்கலாம்.

கணக்கு இடித்தால் பேட்டரியைக் கூட்டலாம், ஃப்ரிட்ஜைச் சின்னதாக்கலாம். ஜெனரேட்டரை ஓடவிட்டு உள்ளே தூங்குவதை மட்டும் செய்யவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவரை அது எழுப்பாது. இன்ஜின் வைத்த எந்த கேரவனிலும் அதற்கான அலாரம் ஒன்று இருக்கட்டும்.

பட்டறையில் சொல்ல வேண்டியவை

* கழற்றிய கேஸ் லைனை மடக்கிக் கட்டிவிடாமல், வால்வு பக்கமே முறையாக அடைத்து, கசிவு சோதனை செய்ய வேண்டும்.
* அடுப்பு கேஸிலேயே தொடர்ந்தால், கசிந்த கேஸ் வெளியேற தரையில் விட்டிருக்கும் துளைகளை மூடக் கூடாது.
* ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் சூடு வெளியேற இடம் வேண்டும்.
* பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், போதிய தடிமனில் வயர் கட்டாயம். மெல்லிய வயர் சூடானால் அதுவும் தீதான்.
* லாரிகளில் 24 வோல்ட்டுக்கு 2 பேட்டரி இருக்கும். அதில் ஒன்றில் மட்டும் 12 வோல்ட் லைன் எடுத்தால் இரண்டும் சீக்கிரம் பழுதாகும். 12, 24 இரண்டிலும் ஓடும் ஃப்ரிட்ஜே நல்லது.
* வோல்ட் இறங்கினால் தானாக நிற்கும் வசதி இல்லாவிட்டால், காலையில் வண்டி செல்ஃப் எடுக்காது.

இது சொகுசா?

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். ஓட்டுநரின் உடம்பும் ஒரு பொருட்டு என்று விதியே ஒப்புக்கொண்டிருக்கிறது. அடுத்த படி ஃப்ரிட்ஜாக இருப்பதில் தப்பில்லை. சர்க்கரை நோய் உள்ள ஓட்டுநருக்கு, திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கொதிக்கும் கேபினில் பைக்குள் வைத்துக்கொண்டு போகும் மருந்தை நம்பி அவர் எப்படி 10 நாள் ஓட்டுவார்?

வார இறுதியில் ஏற்காடு போகும் குடும்பத்துக்கு இது வசதி. ரிக் வண்டியோடு 3 மாதம் வெளியூரில் கிடப்பவருக்குக் கெடாத சாப்பாடு, வேலை செய்யும் மருந்து. அதனால் இந்த ஃப்ரிட்ஜுக்கான இடமும் வயரிங்கும் கேரவனோடு நின்றுவிடக் கூடாது. பாடி கட்டும் நாளிலேயே ரிக் வண்டிக்கும் லாரி கேபினுக்கும் அது வந்துவிட வேண்டும். வண்டி எடுப்பவர் கேட்டால் பட்டறை செய்துதரும். கேட்கணும், அவ்வளவுதான்.