முழுப் பாட்டையும் பாடுக!

ஒரு பாவலரைப் புகழ்வது வேறு, போற்றுவது வேறு. புகழ்வோர் தமக்கு இனிப்பதை மட்டும் எடுத்துக்கொள்வர். போற்றுவோர் அவர் உரைத்த கைப்பையும் சேர்த்தே காப்பர். அமெரிக்க நாட்டுப்புறப் பாவலரும் பாடகருமாகிய ஊடி கத்ரிக்குப் புகழ் நிரம்பக் கிடைத்தது. போற்றுதல் இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை என்பதே நம் கருத்து.

1912 சூலை 14 இல் ஒக்லகோமா மாநிலத்து ஒக்கீமா என்னும் சிற்றூரில் பிறந்தவர் அவர். 1930களில் அப்பகுதிகளை வறட்சியும் புழுதிப் புயலும் சூறையாடின. காலங்காலமாய் மண்ணைக் கட்டிக் காத்த புல்வெளிகளை உழுது புரட்டியதால், பிடிப்பிழந்த மண் காற்றில் கிளம்பிப் பகலை இருளாக்கிற்று. 1935 ஏப்பிரல் 14 இல் எழுந்த கரும்புயலின்போது அவர் தெக்சாசு மாநிலத்துப் பாம்பா நகரில் வாழ்ந்தார். வாழ்விழந்த உழவர் குடும்பங்கள் பிழைப்பைத் தேடிக் கலிபோர்னியாவுக்குப் பெயர்ந்தன. அவரும் அவ்வழியே சென்றார். அங்கே அவர்களை வரவேற்றவை இழிசொல்லும் அரைவயிற்றுக் கூலியுமே. 1940 இல் இசைத்தட்டாய் வெளிவந்த அவருடைய புழுதிநிலப் பாடல்கள் இத்துயரினின்று பிறந்தவை.

அப்பாடல்களின் ஆற்றல் எங்குள்ளது? முதலாவது, சொல்லில். கற்றோர் அவையை நோக்கி அவர் எழுதவில்லை. உழுதவனும் பழம் பறித்தவளும் தம் வாயால் பேசிய சொற்களையே பாட்டாக்கினார். இரண்டாவது, பண்ணில். வழிபாட்டுப் பாடல், தாலாட்டு, பழங்கதைப் பாட்டு என மக்கள் முன்பே அறிந்திருந்த பண்களை எடுத்து, அவற்றின்மேல் புதிய சொற்களை ஏற்றினார். இதைக் குறை என்பாரும் உளர். குறையன்று, அஃதே அவர் வழி. பண் முன்பே தெரிந்திருப்பதால், கேட்பவன் இரண்டாம் அடியிலேயே சேர்ந்து பாடத் தொடங்கி விடுவான். கேட்பவனைப் பாடுபவனாக்குவதே நாட்டுப்புறப் பாட்டின் நோக்கமன்றோ?

அவருடைய பாட்டுகளில் பெரும்புகழ் பெற்றது, இந்த மண் உனக்கும் எனக்கும் உரியது என்னும் பொருளுடையது. நாட்டை இறைவன் வாழ்த்துவதாக இர்விங் பெர்லின் இயற்றிய பாட்டு வானொலியெங்கும் ஒலித்துக்கொண்டிருந்த காலம் அது. பசித்தவர் தெருவில் நிற்க வாழ்த்துப் பாடுவதா என்று பொறாத கத்ரி, 1940 பிப்பிரவரி 23 இல் நியூயார்க்கில் அதற்கு மறுமொழியாக இதனை எழுதினார். எழுதிய தாளில் இரண்டு கண்ணிகள் உண்டு. ஒன்று, தனியுடைமை என்று அறிவித்து வழிமறிக்கும் பலகையைப் பற்றியது. மற்றொன்று, துயர்துடைப்பு அலுவலகத்தின் முன் பசியோடு நிற்கும் தம் மக்களைக் கண்டு, இந்த மண் உண்மையில் நமக்குரியதுதானா என்று வினவுவது.

அந்த வினாவே பாட்டின் உயிர். ஆனால் பள்ளிகளிலும் விழாக்களிலும் பரவிய வடிவில் அவ்விரு கண்ணிகளும் இல்லை. வினாவை நீக்கி விடையை மட்டும் பாடினால், நாட்டை இடித்துரைக்க எழுந்த பாட்டு நாட்டு வாழ்த்தாகத் திரிந்துவிடும். அதுவே நிகழ்ந்தது. 2009 சனவரி 18 இல், ஒபாமா பொறுப்பேற்பையொட்டி இலிங்கன் நினைவகத்தின் முன் நடந்த விழாவில், 89 அகவையினரான பீட் சீகரும் புரூசு சுபிரிங்சுட்டீனும் விடுபட்ட கண்ணிகளையும் சேர்த்துப் பாடினர். அன்று செய்யப்பட்டதே உண்மையான போற்றுதல்.

இன்னொரு பாட்டைப் பாருங்கள். 1948 சனவரி 28 இல் கலிபோர்னியாவின் இலாசு கேட்டோசு பள்ளத்தாக்கில் வானூர்தி ஒன்று விழுந்து 32 பேர் மாண்டனர். அவர்களுள் 28 பேர், மெக்சிக்கோவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பண்ணைத் தொழிலாளர். செய்திகளில் ஊர்தியைச் செலுத்தியோர்க்குப் பெயர் இருந்தது; தொழிலாளர்க்கு இல்லை. அவர்கள் வெறும் நாடுகடத்தப்பட்டோர்! உண்ணும் பழத்தைப் பறித்துத் தந்த கைகளுக்குப் பெயர்கூட இல்லையா என்று கத்ரியின் நெஞ்சு கொதித்தது. பாட்டிலே அவரே பெயரிட்டு அவர்களுக்கு விடைகொடுத்தார். பின்னர் மார்ட்டின் ஆப்மன் அதற்குப் பண் அமைத்தார். 2013 இல், பிரெசுனோ நகரத்துக் கல்லறையில் அந்த 28 பேரின் பெயர்களும் பொறித்த கல் நாட்டப்பெற்றது. 65 ஆண்டுகள் அந்த வினாவை அணையவிடாமல் காத்ததில் பாட்டுக்குப் பெரும் பங்குண்டு.

போற்றுதல் என்பது கண்மூடித் தொழுவதன்று. 1941 இல் அரசின் மின்னாற்றல் துறை அவரை ஒரு திங்கள் பணிக்கமர்த்தியது. கொலம்பியா ஆற்றையும் அதன் அணைகளையும் பற்றி அப்போது 26 பாட்டுகள் எழுதினார். எளியோர்க்கு ஒளியும் நீரும் வரும் என்ற மகிழ்ச்சி அவற்றில் துள்ளுகிறது. ஆயினும் கிராண்டு கூலி அணை சால்மன் மீன்களின் வழியை அடைத்தது; தொல்குடியினர் காலங்காலமாய் மீன்பிடித்த கெட்டில் அருவி நீருள் மூழ்கிற்று. இந்த மண் யாருக்குரியது என்று கேட்ட பாவலரிடமே தொல்குடியினர் அவ்வினாவைத் திருப்பிக் கேட்க உரிமையுண்டு. அதனைத் தாங்கும் வலிமை அவர் பாட்டுக்கு உண்டு. ஏனெனில் வினவக் கற்றுக் கொடுத்ததே அப்பாட்டு.

அன்னையைக் கொன்ற அண்டிங்டன் நோயே அவரையும் பற்றியது. கையும் நாவும் கட்டுப்பாடிழக்க, நெடுங்காலம் மருத்துவமனையில் கிடந்து 1967 அக்டோபர் 3 இல் மறைந்தார். 1961 இல் அவரைத் தேடிவந்து கண்ட இளைஞருள் பாப் திலன் ஒருவர். பண்ணின்றிக் கிடந்த கத்ரியின் பாட்டுகளை அவர் மகள் நோரா பிறரிடம் கொடுக்க, 1998 இல் ஆங்கிலப் பாடகர் பில்லி பிராக்கும் வில்கோ குழுவினரும் அவற்றுக்கு இசை தந்தனர். பிறர் பண்ணில் தம் சொல்லை வைத்தவர்க்கு, பிறர் தம் பண்ணைத் தந்து கடன் தீர்த்தனர்.

அன்பர்களே, மக்கட்பாவலரை மறைப்பதற்கு அவர் பாட்டைத் தடுக்க வேண்டுவதில்லை. பாதியை மட்டும் பரப்பினாலே போதும். பாவலர் எந்நாட்டவராயினும், அவரைப் போற்ற விழைவோர் செய்ய வேண்டுவது ஒன்றே: விடுபட்டதைத் தேடி எடுங்கள், முழுப் பாட்டையும் பாடுங்கள்!