பொருத்தம் பார்ப்பவர் யார் பக்கம்?

ஆன்லைன் கோஷ்டி ஆட்டங்களில் நியாயமும் லாபமும்

தாராவியில் என் அறைக்கு அடுத்த அறையில் நான்கு இளைஞர்கள் தங்கியிருக்கிறார்கள். ஊர் திருநெல்வேலிப் பக்கம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் நால்வரும் செல்போனை எடுத்துக்கொண்டு, ஒரே கோஷ்டியாகத் துப்பாக்கி ஆட்டத்தில் இறங்குவார்கள். எதிரில் இன்னொரு நால்வர் கோஷ்டி. அவர்கள் யார், எந்த ஊர் என்று இவர்களுக்குத் தெரியாது. கம்பெனியின் கம்ப்யூட்டர்தான் இரு கோஷ்டிகளையும் சேர்த்து வைக்கிறது.

சென்ற மாதம் ஒரு நாள் தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றார்கள். "வேண்டுமென்றே நம்மைப் பெரிய ஆட்களோடு கோத்து விடுகிறான் அண்ணே, இதில் சூது இருக்கிறது" என்றார் ஒருவர். ஆறாவது ஆட்டத்தில் ஜெயித்தார்கள். அதன் பிறகு விடியும் வரை போனைக் கீழே வைக்கவில்லை. மறுநாள் இருவர் வேலைக்குப் போகவில்லை. இரண்டு நாள் கூலி போயிற்று.

சூது இருக்கிறதா, இல்லையா? இது விளையாட்டுப் பிள்ளைகளின் சண்டை என்று தள்ளிவிட முடியாது. உழைப்பவனின் தூக்கமும் கூலியும் இதில் அடங்கியிருக்கின்றன.

எண்ணில் எடை

ஆளுக்கு ஆள் பொருத்தம் பார்க்கும் கணக்கு சதுரங்கத்தில் இருந்து வந்தது. அமெரிக்காவில் பௌதிகப் பேராசிரியராக இருந்த ஆர்பட் எலோ என்பவர் வகுத்த முறை அது. அமெரிக்கச் சதுரங்கச் சம்மேளனம் அதை 1960-லும், உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970-லும் ஏற்றுக்கொண்டன. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. ஜெயித்தால் எண் ஏறும், தோற்றால் இறங்கும். 200 புள்ளி உயர்ந்தவர் நான்கு ஆட்டத்துக்குச் சுமார் மூன்று புள்ளி எடுப்பார் என்பது எதிர்பார்ப்பு.

கோஷ்டி ஆட்டத்துக்கு இது போதவில்லை. நால்வர் சேர்ந்து ஜெயித்தால் யாருடைய திறமையால் ஜெயித்தார்கள் என்று எப்படிச் சொல்வது? இதற்காக மைக்ரோசாப்ட் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் 'ட்ரூஸ்கில்' என்ற முறையை உருவாக்கினார்கள். 2005-ல் எக்ஸ்பாக்ஸ் 360 யந்திரத்தோடு அது நடைமுறைக்கு வந்தது. ஒருவரின் திறமை எவ்வளவு என்பதோடு, அந்த மதிப்பீட்டை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் அது கணக்கில் எடுக்கும்.

சமம் என்றால் பாதி தோல்வி

இங்கே பலர் கவனிக்காத உண்மை ஒன்று உண்டு. பொருத்தம் சரியாக அமைந்தால், நூறு ஆட்டத்தில் ஏறக்குறைய ஐம்பதில் தோற்றே ஆக வேண்டும். திறமை கூடினால் எதிராளியின் திறமையும் கூடும். ஆகவே முன்னேறியவருக்கும் வெற்றி கூடுவதில்லை. தன்னை யாரோ பிடித்து இழுப்பது போல் அவருக்குத் தோன்றும்.

ஐந்து தொடர் தோல்வியும் அப்படித்தான். ஜெயிக்கவும் தோற்கவும் சம வாய்ப்பு இருந்தால், வரும் ஐந்து ஆட்டமும் தோல்வியாக முடிய 32-ல் ஒரு வாய்ப்பு. நூறு ஆட்டம் ஆடுகிற ஐவரில் நால்வர் எப்படியும் ஒரு முறையாவது தொடர்ந்து ஐந்து தோல்வியைச் சந்திப்பார்கள். எனவே, அடுத்த அறைத் தம்பிகள் கண்டது சூதுக்குச் சாட்சி ஆகாது.

நேரமும் தூரமும் வேறு குறுக்கே நிற்கின்றன. சம ஆள் கிடைக்கும் வரை காக்க வைத்தால் ஆடுபவர் போய்விடுவார். தூரத்து ஊர் ஆளைச் சேர்த்தால் சுட்ட குண்டு தாமதமாகப் போய்ச் சேரும். நள்ளிரவுக்கு மேல் ஆட ஆள் குறைவு. இருப்பவர்களை வைத்துத்தான் கோஷ்டி கட்ட வேண்டும். ஷிப்டு முடித்து ஆடுபவர்களுக்குப் பொருத்தம் கோணலாக அமைய இதுவும் ஒரு காரணம்.

போகாமல் பிடிப்பது

அப்படியானால் கம்பெனிகள் மீது குற்றமே இல்லையா? அவசரப்பட வேண்டாம்.

கல்யாணத் தரகர் பொருத்தம் பார்ப்பது குடும்பம் தழைக்க வேண்டும் என்பதற்காக மட்டும் அல்ல. அவருக்குத் தரகும் வேண்டும். ஆட்டக் கம்பெனிக்கும் அப்படியே. நியாயமான ஆட்டம் தருவது ஒரு நோக்கம். ஆடுபவர் கடையை விட்டுப் போகாமல் இருக்க வேண்டும் என்பது இன்னொரு நோக்கம். பெரும்பாலும் இரண்டும் ஒரே திசையில் செல்கின்றன.

'கால் ஆப் டூட்டி' ஆட்டத்தை நடத்தும் ஆக்டிவிஷன் கம்பெனி 2024 ஜூலையில் ஓர் அறிக்கை வெளியிட்டது. பொருத்தம் பார்ப்பதில் திறமைக்கு உள்ள முக்கியத்துவத்தைக் குறைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். மிகத் திறமையான சிறு பகுதியினர் தவிர, மற்றவர்களில் பெரும்பாலோர் திரும்பி வருவது குறைந்தது. பாதியில் எழுந்து போனவர்களும் அதிகம். கடைசி வரிசையில் இருப்பவன் போனால், அவனுக்கு முன் நின்றவன் கடைசி ஆகிறான். பிறகு அவனும் போவான். இதுதான் கம்பெனியின் பயம். இந்த இடத்தில் நியாயமும் லாபமும் கை கோத்து நிற்கின்றன.

ஆனால் பிரியும் இடமும் உண்டு. 2017-ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனியைச் சேர்ந்தவர்களும் பல்கலைக் கழகத்தாரும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒருவர் அண்மையில் எதை ஜெயித்தார், எதைத் தோற்றார் என்பதை வைத்து, அவர் ஆட்டத்தை விட்டுவிடும் அபாயத்தைக் கணக்கிடலாம். அந்த அபாயம் குறையும்படி அடுத்த எதிராளியைத் தேர்ந்தெடுக்கலாம். சம பலமான எதிராளியே எப்போதும் சிறந்தவர் என்று சொல்ல முடியாது. ஆய்வின் சாரம் இதுதான். தொடர்ந்து தோற்றவர் போய்விடுவார். தோல்விக்குப் பின் ஒரு வெற்றி கிடைத்தவர் தங்குவார்.

அதே 2017 அக்டோபரில் ஆக்டிவிஷன் கம்பெனிக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. புதியவரை, விலை கொடுத்து வாங்கிய ஆயுதம் வைத்திருக்கும் தேர்ந்த ஆட்டக்காரரோடு சேர்த்து, புதியவருக்கும் வாங்கும் ஆசையை உண்டாக்கும் வழி அதில் விவரிக்கப்பட்டிருந்தது. ஆராய்ச்சிக்காகச் செய்தது, எந்த ஆட்டத்திலும் பயன்படுத்தவில்லை என்று கம்பெனி விளக்கம் தந்தது.

ஆய்வோ காப்புரிமையோ இருப்பதாலேயே அது நடக்கிறது என்று நாம் முடிவு கட்டக் கூடாது. ஆனால் வழி இருக்கிறது என்பது நிச்சயம். நடக்கவில்லை என்பதற்குக் கம்பெனியின் வாய்ச்சொல்லைத் தவிர ஆடுபவர் கையில் வேறு ஆதாரம் இல்லை.

சட்டம் எங்கே?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22-ம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்குத் தடை. மின் விளையாட்டுப் போட்டிகளுக்கு அங்கீகாரம். சம்பளப் பணத்தை இழந்த குடும்பங்களுக்கு இது ஆறுதல்தான். ஆனால் பணயம் வைக்காத கோஷ்டி ஆட்டத்தில் யாரை யாரோடு சேர்க்கிறார்கள் என்பது அந்தச் சட்டத்தின் கவலை அல்ல. அங்கே போவது பணயப் பணம் அல்ல, நேரம்.

நான் ரயில்வே டிக்கெட் கவுண்டரில் உட்காருபவன். காத்திருப்போர் பட்டியல் சீட்டு வாங்கியவர் கோபப்படுவதைத் தினமும் பார்க்கிறேன். ஆனாலும் அவர் கையில் வரிசை எண் இருக்கிறது. எந்தக் கோட்டா என்பது சீட்டிலேயே அச்சாகியிருக்கிறது. சார்ட் தயாரானதும் முடிவு தெரிந்துவிடும். இடம் கிடைக்காவிட்டாலும், விதி இன்னது என்று அவருக்குக் காட்ட முடிகிறது. சதுரங்கப் போட்டியிலும் யாருக்கு யார் எதிராளி என்று பலகையில் ஒட்டுகிறார்கள், எண்களும் பகிரங்கம்.

ஆட்டக் கம்பெனிகளிடமும் இதைத்தான் கேட்க வேண்டும். பொருத்தம் பார்ப்பதில் எவை எவை கணக்கில் வருகின்றன? முந்தைய தோல்வியும், கடையில் செய்த செலவும் அதில் சேருமா? எதிரில் நிற்பது மனிதரா, கம்ப்யூட்டர் பொம்மையா? பொம்மைகளைச் சேர்க்கப்போவதாக 'போர்ட்நைட்' ஆட்டத்தார் 2019-ல் வெளிப்படையாகவே அறிவித்தார்கள். ஒருவர் சொல்ல முடிந்ததை மற்றவர் சொல்ல முடியாதா? வியாபார ரகசியம் முழுவதையும் கொட்டச் சொல்லவில்லை. விதியை மட்டும் எழுதி ஒட்டச் சொல்கிறோம்.

அது வரும் வரை நம் காவல் நம் கையில். எத்தனை ஆட்டம் என்பதை உட்காரும் முன்பே முடிவு செய்யுங்கள். தோற்றபோது எழுந்திருப்பது எளிது. பல தோல்விக்குப் பிறகு ஜெயித்தபோது எழுந்திருப்பதுதான் கடினம். அந்த நேரத்தில் எழுந்துவிடுங்கள். அடுத்த அறைத் தம்பிகளிடம் இதைச் சொன்னேன். "ஒரே ஒரு ஆட்டம் அண்ணே" என்றார்கள். மணி அப்போது இரண்டு.