கட்டி முடியாத தலைநகரம்



இந்தோனேசியாவுக்குப் போக ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறேன். பார்க்கப்போவது ஜகார்த்தாவை அல்ல. போர்னியோத் தீவில் இன்னமும் கட்டப்பட்டுவரும் நுசந்தாராவை.

நிலத்தடி நீரை அளவுக்கு மிஞ்சி எடுத்ததால் ஜகார்த்தா தாழ்ந்து வருகிறது. ஆகவே தலைநகரை மாற்றப்போவதாக 2019இல் அறிவித்தார்கள். 2022இல் அதற்குச் சட்டம் நிறைவேறியது. 2024 ஆகஸ்ட் 17இல் சுதந்திர தின விழாவும் அங்கே நடந்தது.

பாலிக்பாப்பன் வரை விமானத்திலும் பிறகு வீதி வழியாகவும் போகவேண்டும். கருடச் சிறகு வடிவிலான ஜனாதிபதி மாளிகையை எல்லோரும் காட்டுவார்கள். ஆனால் என் கொப்பியில் முதலாவதாக எழுதியிருப்பது செபாக்கு என்ற இடம். அங்கே பாலிக் என்னும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். அவர்களில் பலரிடம் பரம்பரைக் காணிக்கு எழுத்திலான உறுதி இல்லை. நகரம் வளர வளரக் காணி போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு.

இடப்பெயர்வில் உறுதியைத் தொலைத்துவிட்டுக் கந்தோர் கந்தோராக அலைந்த எங்களுக்கு அந்தப் பயம் தெரியும். மாளிகையைப் படம் பிடிக்கமுன் அந்தப் பெண்களிடம் ஒன்று கேட்கவேண்டும்: "அம்மா, உங்கள் வளவு எதுவரை?"

பதிலோடு வந்து எழுதுகிறேன். அதுவரை, உறுதி கையில் உள்ளவர்கள் ஒரு பிரதி எடுத்து வேறிடத்தில் வையுங்கள்.