வேலையில் கொடியது எது?



நாலு தொழிலாளர் கூடிய இடத்தில் இந்தக் கேள்வி எப்படியும் எழும். கல்யாணப் பந்தலிலோ, கோயில் திருவிழாவிலோ, மருந்துக்காகக் காத்திருக்கும் பெஞ்சியிலோ ஒருவர் பெருமூச்சு விட்டு, "நம்ம வேலையிலே எதுதான் ரொம்ப மோசம்?" என்று கேட்பார். உடனே ஆளுக்கொன்று சொல்வார்கள்.

"விடியற்காலம் நாலு மணிக்கு எழுவதுதான்" என்பார் ஒருவர். "கொசு" என்பார் அடுத்தவர். ஈரப் புல்லில் காலேறும் அட்டையைச் சொல்வார் மூன்றாமவர். இரண்டு வாளிப் பாலைக் காண்டாவில் சுமந்து மேடு ஏறித் தோள் காய்த்துப்போன கதையை ஒரு பாட்டி சொல்வாள். பால் மறவாத பிள்ளையை ஆயாக் கொட்டகையில் இருட்டோடு விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்ததை ஒரு தாய் சொல்வாள். கட்டிப்பால் மூட்டையின் நாற்றம் எத்தனை தடவை குளித்தாலும் போவதில்லை என்பார் ஸ்டோர்க்காரர். கிராணியாரும் விட்டுக்கொடுக்க மாட்டார். மாதக் கடைசியில் செக்ரோலின் கூட்டல் ஒத்துவராமல் இரண்டு இரவு கண்விழித்ததை அவர் சொல்வார்.

இவையெல்லாம் உண்மை. ஒன்றையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் இவற்றில் பாதி, மரத்தின் குணத்தால் வந்தவை. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும்; ஆகவே இருட்டு விலகுமுன் உளியைப் பிடித்தாக வேண்டும். நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் கொசுவும் அட்டையும் இருக்கத்தான் செய்யும். பாடுபட்ட உடம்பு இவற்றுக்குப் பழகிக்கொள்கிறது. பழகவே முடியாத ஒன்று உண்டு. அது எது என்பதை எனக்குக் கற்பித்தது ஒரு மழை நாள்.

ஒன்பது மணி மழை

அது 1971-ஆம் ஆண்டு. என் தாயார் பால்வெட்டுத் தொழிலாளி. நான் ஐந்தாம் படிவம் முடித்து, அதே தோட்டத்தில் இளைய கிராணியாகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. எந்தத் தோட்டம் என்று சொல்ல வேண்டுவதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அம்மா லயம் முழுவதற்கும் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொடுத்தார். மகன் இனிக் காண்டா தூக்க வேண்டியதில்லை என்ற மகிழ்ச்சி அவருக்கு.

அன்று காலை வானம் தெளிவாகவே இருந்தது. பெரட்டு முடிந்து எல்லாரும் தத்தம் நிரைக்குப் போனார்கள். ஆளுக்குச் சுமார் நானூறு மரம். ஒவ்வொரு மரத்திலும் கோட்டில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை உரித்து, பட்டையை மெல்லிதாகச் சீவி, கட்டையில் உளி பட்டுவிடாமல் கையை அடக்கி, மங்கைத் துடைத்துச் சரியாக வைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு நடக்க வேண்டும். எட்டரை மணிக்கெல்லாம் வெட்டு முடிந்துவிட்டது. பால் சொட்டி மங்கு நிறையும் நேரம். ஒன்பது மணிக்கு மழை கொட்டியது.

பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் காட்சி தெரியும். மங்குகள் நிரம்பி வழிந்தன. மரத்தடியெல்லாம் வெள்ளைத் தண்ணீர் ஓடியது. பெண்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடினார்கள். நிறுவைக்கு வந்து சேர்ந்தது பாதி பால், பாதி மழை.

ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது: "இன்றைக்கு எல்லாருக்கும் அரைப் பேர்."

நான் எழுதினேன். முப்பத்திரண்டு பேருக்கும் வரிசையாக அரைப் பேர் போட்டேன். அந்த வரிசையில் பதினோராவது என் தாயாரின் பேர். அவர் தலைத்துணியிலிருந்து நீர் சொட்ட எதிரில் நின்றார். மற்றவர்கள் அழைப்பதைப் போலவே, "என்னா கிராணி ஐயா, எழுதியாச்சா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்.

இரவு சோறு போட்டபோது நான்தான் பேச்சை எடுத்தேன். "துரை சொன்னாரும்மா. நான் என்ன செய்ய முடியும்?"

அவர் கோபப்படவில்லை. "மழை பெய்ஞ்சதுக்கு யார் என்ன பண்றது தம்பி? பால் போனது போகட்டும். ஆனா நாலு மணிக்கு எழுந்திருச்சு நானூறு மரம் வெட்டினேனே, அது நெசந்தானே? அதிலே பாதி இல்லேன்னு நீ எழுதிட்டியே" என்றார்.

தோழர்களே! வேலையில் கொடியது எது என்பதற்கு எனக்குக் கிடைத்த விடை இதுதான். கொசு கடித்த தடிப்பு மறுநாள் மறைந்துவிடும். செய்த வேலையைச் செய்யவில்லை என்று எழுதிவிட்டால் அந்த வடு மாறுவதில்லை.

வாளியிலிருந்து புத்தகம் வரை

மழை நாளில் மட்டுமா இது நடந்தது? வெயில் நாளிலும் நடந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் நடந்தது.

பாலில் பெரும்பங்கு தண்ணீர். அதில் உலர்ந்த ரப்பர் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் கூடும், குறையும். அதைக் கண்டுபிடிக்க நிறுவையில் மெட்ரோலாக் என்ற மிதவைக் கோலைப் பாலில் விடுவார்கள். அது எந்தக் கோடு வரை மூழ்கி நிற்கிறதோ அதை வைத்துச் சதவிகிதம் எழுதப்படும். அடிப்படைக் கூலிக்கு மேல் தொழிலாளிக்குக் கிடைக்கும் எடைக்காசு அந்தக் கோட்டைப் பொறுத்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் 60 பவுண்டு பால் கொண்டுவருகிறார். கோல் 33 சதவிகிதம் காட்டினால் ரப்பர் 19.8 பவுண்டு. அதையே 30 என்று வாசித்தால் 18 பவுண்டு. ஒரு நாளைக்குப் போவது 1.8 பவுண்டு. இருபத்தைந்து நாளில் 45 பவுண்டு! அந்த 45 பவுண்டுக்கு அவர் வெட்டிய மரமும், நடந்த மேடும் யார் கணக்கில் சேர்ந்தன?

கோல் பொய் சொல்வதில்லை என்பார்கள். ஆனால் கோல் அளப்பது ரப்பரை அன்று, பாலின் அடர்த்தியை. நுரையை வழிக்காமல் விட்டால் கோடு சரியாகத் தெரியாது. சூடான பாலுக்கும் ஆறிய பாலுக்கும் எண் வேறாகும். ஒரு பங்கு பாலில் இரண்டு பங்கு தண்ணீர் விட்டு அளந்து மூன்றால் பெருக்கும்போது, கண் செய்த பிழையும் மூன்றால் பெருகும். திட்டமாகத் தெரிய வேண்டுமானால் மாதிரிப் பாலை உறையவைத்து, உருட்டி, காயவைத்து நிறுத்துப் பார்க்க வேண்டும். நான் நிறுவையில் நின்ற காலத்தில், கோலைக் குனிந்து பார்க்கத் தொழிலாளிக்கு இடமில்லை. வாளியை வைத்துவிட்டு அவர் தள்ளி நிற்க வேண்டும். எண் என் புத்தகத்துக்குள் போய்விடும்.

1941-இல் கேட்டது என்ன?

நம் முன்னோர் இதை நன்றாக உணர்ந்திருந்தார்கள். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஆர். எச். நாதன் அதை முன்னின்று நடத்தினார். அவர்களுடைய கோரிக்கைகளைப் படித்தால், அன்று எதெல்லாம் கொடியது என்று அவர்கள் கருதினார்கள் என்பது புலப்படும். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி கேட்டார்கள். பிள்ளைகளுக்குக் கல்வியும் நல்ல மருத்துவமும் கேட்டார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். அதோடு, துரைமார் எதிரிலும் சிப்பந்திகள் எதிரிலும் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிச் செல்லும் உரிமையையும் கேட்டார்கள்!

சைக்கிளில் என்ன இருக்கிறது என்று இன்றைய இளைஞர் சிரிக்கலாம். சிரிக்க வேண்டாம். கூலிக் கோரிக்கையோடு சைக்கிளையும் சேர்த்து எழுதியவர்கள் தெரியாமல் எழுதவில்லை. உழைத்துவிட்டு வருபவனை மனிதக் கணக்கில் சேர்க்காமல் இருப்பதும், அவன் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் இருப்பதும் ஒரே நோயின் இரண்டு குணங்கள். அந்தப் போராட்டத்தைத் துப்பாக்கியால் அடக்கினார்கள். தொழிலாளர் உயிரிழந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அதே பட்டியலில், கொடுமை செய்யும் சிப்பந்திகளை நீக்க வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது. கிராணியாக இருந்தவன் என்ற முறையில் அதை நான் மறைக்க விரும்பவில்லை.

கிராணியின் கொடிய வேலை

கிராணியின் வேலையில் கொடியது எது? கூட்டலும் கழித்தலும் அல்ல. தான் கொடுக்காத உத்தரவைத் தன் கையெழுத்தில் எழுதுவதுதான். துரை ஒரு சொல் சொல்லிவிட்டுப் பங்களாவுக்குப் போய்விடுவார். மாலையில் லயத்து வழியாக நடந்து வீட்டுக்குப் போக வேண்டியவர் கிராணி. துரைக்கு அவர் கூலிக்காரர். தொழிலாளிக்கு அவர் துரையின் ஆள். இரண்டு பக்கமும் அவருக்கு இடமில்லை.

ஆகவே நான் சொல்வது இதுதான். பால் வெட்டுகிறவரின் கொடிய துன்பமும், பேனா பிடிக்கிறவரின் கொடிய துன்பமும் இரண்டல்ல, ஒன்றே. ஒருவர் செய்த வேலை மறைக்கப்படுகிறது. மற்றவர் கையால் அது மறைக்கப்படுகிறது. 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் தோன்றியபோது சிதறிக் கிடந்த தொழிலாளர் ஒரு குடையின் கீழ் வந்தனர். கிராணிமார் தனிச் சங்கமாக இருந்தனர். சங்கம் தனியாக இருக்கலாம், குற்றமில்லை. கணக்கில் உண்மை தனித்தனியாக இருக்க முடியாது.

"மழைக்குக் கம்பெனி என்ன செய்யும்? வராத பாலுக்கு எப்படிக் காசு கொடுக்கும்?" என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்விதான். நாமும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். பால் வராமல் போயிருக்கலாம். வெட்டு நடக்காமல் போகவில்லை. பட்டை சீவப்பட்டுவிட்டது. தொழிலாளியின் காலைப் பொழுதும் போய்விட்டது. விலை ஏறியபோது வந்த இலாபம் முதலாளியின் அதிர்ஷ்டம் என்றால், மழை மட்டும் தொழிலாளியின் தலைவிதியாவது எப்படி?

சட்டமும் இந்த நியாயத்தின் பக்கம் சாய்ந்தே இருக்கிறது. 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், நாட்கூலி பெறும் தோட்டத் தொழிலாளிக்கு மாதம் 24 நாளுக்குக் குறையாமல் வேலை கொடுக்க வேண்டும் என்றது. வேலை கொடுக்க இயலாவிட்டால், அவர் உழைக்க ஆயத்தமாக இருந்த அந்நாட்களுக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்றது. 2013-இல் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது. தீபகற்பத்தில் அது மாதம் 900 ரிங்கிட். 2025-இல் அது 1,700 ஆயிற்று. எடைக்கும் எண்ணிக்கைக்கும் கூலி பெறுகிறவருக்கும் அது உண்டு. இவை நமக்கு இனாமாக வந்தவை அல்ல. ஆனால் சட்டம் எத்தனை நல்லதாக இருந்தாலும், அது உயிர் வாழ்வது செக்ரோலில்தான். அங்கே அரைப் பேர் விழுந்தால் சட்டமும் அரைச் சட்டம்தான்.

இன்றைக்கு

ரப்பர் நின்ற காடுகள் பல, செம்பனையாகிவிட்டன. உளி போய் நீளக் கழியில் கட்டிய அரிவாள் வந்திருக்கிறது. கங்காணி கூட்டிவந்த நம் பாட்டன் நின்ற இடத்தில் இன்று இந்தோனேசியாவிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்த ஒருவர் நிற்கிறார். கேள்வி மட்டும் மாறவில்லை. கணவர் குலை வெட்ட, பின்னால் குனிந்து உதிர்ந்த பழம் பொறுக்கும் மனைவியின் பேர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? பேரில்லாமல் பொறுக்கிய பெண்கள் எத்தனை பேர் என்று வயதானவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். வேற்று நாட்டிலிருந்து வந்தவருக்குக் கணக்குப் புத்தகத்தின் மொழியே தெரியாமல் இருக்கலாம். அவரை அந்நியர் என்று ஒதுக்கினால், நம் பாட்டியின் வாளியைத் தள்ளி வைத்தவர்களோடு நாமும் சேர்ந்துவிடுவோம்.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. தொழிலாளர்களே, நிறுவையில் வாளியையோ குலையையோ வைத்துவிட்டு விலகிப் போகாதீர்கள். நின்று எண்ணைப் பாருங்கள்; தெரியாவிட்டால் கேளுங்கள். ஒரு சிறு நோட்டில் அன்றன்று தேதி, எடை, சதவிகிதம் மூன்றையும் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பள்ளிக்குப் போகும் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். சம்பள நாளில் அந்த நோட்டையும் சம்பளச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். கிராணிமார்களே, எண்ணை எழுதுவதற்குமுன் வாய்விட்டுப் படியுங்கள். அதைத் தடுக்க எந்தத் துரைக்கும் காரணம் கிடையாது. அவ்வளவுதான் நாம் கேட்பது.

அந்த மழை நாளுக்குப் பிறகு நான் எண்ணை உரக்கப் படிக்கத் தொடங்கினேன். முதல் வாரம் மண்டோர் முறைத்தார். இரண்டாம் வாரம் ஆபீசில் கூப்பிட்டுக் கேட்டார்கள். "கணக்கு சரியாக இருக்கட்டும் என்று படிக்கிறேன்" என்றேன். மேலே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் வாரம், வாளியை வைத்தவர்கள் தள்ளிப் போகாமல் அங்கேயே நிற்கத் தொடங்கினார்கள். என் தாயாரும் நின்றார்.

அந்த அரைப் பேரை நான் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. இன்று நிறுவையில் நிற்கும் கிராணிக்கு அந்தக் கடன் வராமல் இருக்கட்டும்.