விலை மதிப்பவர் ஐவர்

முதலீட்டாளரை வரவழைக்கும் கலையில் மலாக்காவுக்குப் போதிக்கத்தக்க பட்டணங்கள் உலகில் மிகுதியாக இல்லை. அன்றாட அரிசிக்கே ஜாவாவையும் சயாமையும் எதிர்பார்த்திருந்த சுல்தான்கள் காலத்து மலாக்காத் துறைமுகம், குஜராத்தியர் ஒருவரிடமும், சோழமண்டலக் கரையாரும் வங்காளத்தாரும் பெகுவினரும் இன்னொருவரிடமும், ஜாவாவினர் மூன்றாமவரிடமும், சீனர் நான்காமவரிடமும் தத்தம் குறைகளைச் சொல்லிக்கொள்ளும்படி ஷாபண்டார்கள் என்னும் துறைமுக அதிகாரிகள் நால்வரை நியமித்து வைத்திருந்தமையால், போர்ச்சுகீசியரான தொமே பிரெஸ் அதை 84 பாஷைகள் பேசப்பட்ட சந்தையென்று வியந்தெழுதும் கீர்த்தியை அடைந்தது.

அவர் தரும் விவரங்களில் ஒன்று விசேஷமானது. மேற்றிசைக் கப்பல்களின் சரக்குக்குத் தீர்வை நூற்றுக்கு 6. அதற்காகச் சரக்கை மதிப்பிட ஒன்றுகூடிய பத்து வணிகரில் ஐவர் பிற தேசத்தார், மற்ற ஐவர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம்மவர். விலை நிர்ணயமாகும் இடத்தில் தமிழனுக்கு ஆசனம் இருந்தது என்பதே இதன் பொருள்.

இன்றைய மலாக்காவும் சோம்பியிருக்கவில்லை. பத்து பெரண்டாமிலும் தஞ்சோங் கிளிங்கிலும் எழுந்த தடையற்ற வாணிப வட்டாரங்கள், பெகோவில் கார் செய்யும் ஹோண்டா தொழிற்சாலை, 2008இல் கிடைத்த யுனெஸ்கோ அங்கீகாரம் ஆகியவை மெய்யான லாபங்களே. 2014இல் ஆரவாரத்துடன் தொடங்கிய 'மலாக்கா கேட்வே' என்னும் கடல்தூர்ப்புத் திட்டத்தின் ஒப்பந்தத்தை 2020இல் மாநில அரசே ரத்துச் செய்ய நேர்ந்தது வேறு கதை. கடலைத் தூர்த்துத் தீவு சமைப்பதைவிடக் கரையில் உள்ளவர்களுக்கு வழி செய்வது சுலபம் என்று அப்போதே சிலருக்குத் தோன்றியிருக்கக்கூடும்.

கரையில் உள்ளவர்கள் என்று நான் கருதுவது தோட்டத்தாரை. 1896இல் தான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டது முதல், ஜாசினிலும் அலோர் காஜாவிலும் காடழித்து, பால்மரம் சீவி, பிற்பாடு செம்பனைக் குலை வெட்டி, தலைமுறை தலைமுறையாக லயத்து வீடுகளில் ஜீவித்தவர்களுக்கு, அந்த வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போனது. தோட்டம் கைமாறித் தொழிற்பேட்டையாகும்போது ஒவ்வோர் ஏக்கரும் பன்மடங்கு விலை பெறுகிறது. அம்மண்ணைப் பண்படுத்தியவனின் பங்கு ஒரு சிறு நஷ்டஈட்டோடு முடிந்துவிடுகிறது. அவன் பிள்ளை அதே மண்ணில் எழுந்த கம்பெனியின் வாசலில் காவலாளியாய் நிற்பதைக் காட்டி, வேலை வாய்ப்புப் பெருகிவிட்டதென்று நாம் திருப்தியடைவது எனக்குச் சம்மதமில்லை.

பரிகாரம் கோலாலம்பூரிலிருந்து வரவேண்டியதில்லை. நிலம் மாநிலத்தின் அதிகாரம். விவசாய நிலத்தைத் தொழில் நிலமாக மாற்ற அனுமதி தருவது மாநில அரசே. அந்த அனுமதியில் நிபந்தனை விதிக்கவும் அதற்கு உரிமையுண்டு. வெளியேறும் குடும்பங்களுக்குச் சொந்த வீடும், அவர்கள் பிள்ளைகளுக்கு அங்கு வரவிருக்கும் தொழிலிலேயே பயிற்சியும் அந்த நிபந்தனையில் எழுத்துமூலம் இடம்பெற வேண்டும். நிபந்தனையை வகுக்கும் குழுவில் தோட்டத்தாரின் பிரதிநிதிகளும் அமர வேண்டும்.

இப்படிச் செய்தால் முதலீட்டாளர் ஜொகூருக்கோ நெகிரி செம்பிலானுக்கோ ஓடிவிடுவார் என்பார்கள். நெடுஞ்சாலையும் மின்சாரமும் கைத்தேர்ச்சி பெற்ற தொழிலாளரும் உள்ள இடத்தை நாடி வருகிற கம்பெனி, ஐம்பது குடும்பங்களுக்கு வீடு கட்டும் செலவுக்கு அஞ்சித் திரும்பிப் போகுமென்றால், அதன் மூலதனத்தின் கனத்தை முதலில் விசாரித்துக்கொள்வதே மாநில அரசுக்கு உசிதம்.